பார்சலுக்கு முன்னால் பேப்பர்

மாதத்துக்கு ரெண்டு பேராவது போன் பண்ணிவிடுகிறார்கள். "ஆச்சி, வெளிநாட்டுலேருந்து மாத்திரை வரவழைக்கிறீகளாமே, எப்படி?" நானும் முக்கால் மணி நேரம் சொல்வேன். போனை வைத்த பிறகுதான் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டோமே என்று உறைக்கும். எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு அப்படியே அனுப்பிவிடலாம். ஊர் தேவகோட்டைப் பக்கம். கூட்டுறவு வங்கியில் 27 வருஷம் கணக்கு எழுதியவள் நான், வைத்தியம் படித்தவள் இல்லை. மருந்தைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அது வீடு வந்து சேரும் வழியை மட்டும் என்னிடம் கேளுங்கள்.

மருந்தின் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டுக்காரவுகளுக்கு வந்திருப்பது நரம்பு சம்பந்தப்பட்ட அபூர்வமான ஒரு நோய். பெயரைப் போட்டால் கை நடுங்குகிறவர், கால் மரத்துப்போகிறவர் எல்லாரும் தனக்கும் அதுதான் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வளவிலேயே அப்படி ரெண்டு பேர் உண்டு.

முதல் வேலை, அந்த மருந்து நிஜமாகவே இங்கே கிடைக்கவில்லையா என்று பார்ப்பது. போன் பண்ணுகிறவர்களில் பாதிப் பேருக்கு வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். பள்ளத்தூரிலிருந்து ஒருவர், மகன் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது அங்கே டாக்டர் கொடுத்த இன்ஹேலர்தான் ஒத்துக்கொண்டது, அதையே வரவழைக்க வேண்டும் என்றார். டப்பாவில் என்ன போட்டிருக்கிறது, எழுத்துக்கூட்டிப் படியுங்கள் என்றேன். அல்ப்யூட்டரால். அங்கே அல்ப்யூட்டரால் என்பதை இங்கே சால்ப்யூட்டமால் என்கிறார்கள். காரைக்குடியில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் அஸ்தாலின் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதே மாதிரி அவர்களுடைய அசிட்டமினோஃபென் நம்ம பாராசிட்டமால், எபிநெஃப்ரின் நம்ம அட்ரினலின், கிளைபுரைடு என்பது கிளிபென்கிளமைடு. உலகத்துக்கே ஜெனரிக் மாத்திரை செய்து அனுப்புகிற நாடு இது. ஐதராபாத்தில் செய்த மாத்திரையை அட்லாண்டா சுற்றி வரவழைத்துவிடாதீர்கள்.

அதனால் கம்பெனி வைத்த பிராண்டு பெயரை விட்டுவிட்டு, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பிடியுங்கள். பிராண்டு பெயரை நம்பினால் ஆபத்தும் உண்டு. டிலாக்கர் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது டில்டியாசெம், செர்பியாவில் விற்றது டிகாக்சின். இரண்டும் இதயத்துக்கான மருந்துகள்தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சாப்பிட்டால் விபரீதமாகிவிடும். மூலப்பெயரை டாக்டரிடமும், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மெடிக்கல் ஷாப் பார்மசிஸ்டிடமும் காட்டுங்கள். மதுரை, சென்னை பெரிய ஆஸ்பத்திரிகளின் மருந்தகத்திலும் விசாரியுங்கள். எங்கேயும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

நான் சறுக்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். மதுரை டாக்டர், இந்த மருந்து இந்தியாவில் விற்பனைக்கு இல்லை, வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சிங்கப்பூரில் இருக்கிற தம்பி மகனுக்கு அதைப் படம் பிடித்து அனுப்பினேன். அவன் ஒரு நாள் ராத்திரி முழுக்கத் தேடிவிட்டு, "அயித்தை, ஒரு கடையில பாதி விலைக்கு இருக்கு, சீட்டுகூடக் கேக்கலை, போட்டுரவா?" என்றான். போடு என்றேன். சீட்டு கேட்காதது எனக்கு அன்றைக்கு வசதியாகத்தான் பட்டது. 38,400 ரூபாய். மூன்று வாரம் கழித்து மாத்திரைக்குப் பதிலாகக் கடிதம் வந்தது. பார்சல் சென்னையில் நிற்கிறது, அனுமதிச் சீட்டைக் காட்டு என்று. என்ன அனுமதி, யார் கொடுப்பது என்றே எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு ஓடுவதற்குள் கெடு முடிந்துவிட்டது. பணம் போனது பெரிதில்லை. கையில் இருந்த மாத்திரை தீர்ந்து 11 நாள் எங்கள் வீட்டுக்காரவுக பட்டாலையில் படுத்தபடியே இருந்தார்கள். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

அந்த அனுமதிதான் விஷயமே. 1945ஆம் வருஷத்து மருந்து விதிகளில் 36ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவில் அனுமதியில்லாத மருந்தைச் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாகக் கொண்டுவர இரண்டு வாசல் வைத்திருக்கிறார்கள். ஒன்று, பயணி தன்னோடு பெட்டியில் கொண்டுவருவது. அதற்கு எந்த ஒரு மருந்தும் சராசரியாக 100 வேளை அளவுக்கு மேல் போகக் கூடாது, சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டும். இன்னொன்று, தபாலிலோ கூரியரிலோ வருவது. அதற்கு 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 12பி என்கிற அனுமதியைக் கையில் வாங்கியிருக்க வேண்டும். பதிவு பெற்ற டாக்டரின் சீட்டு வேண்டும். கேட்கும் அளவு நியாயமானது என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும்.

நம்ம பக்கத்தில் இந்த முதல் வாசலைத்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். திருச்சி ஏர்போர்ட்டில் சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானம் வந்திறங்கினால் அதில் நம்ம ஊர் ஆள் யாராவது இருப்பார்கள். "அவுககிட்டக் கொடுத்துவிட்டாப் போச்சு." கோடாலித் தைலம் கொடுத்துவிடுகிற மாதிரி. ஆனால் விதியில், அந்த மருந்து பயணியின் சொந்தப் பொருளாகவும் அவருடைய சொந்த உபயோகத்துக்காக மட்டுமேயும் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. பங்காளி வீட்டுப் பெரியவருக்காகத் தூக்கிவருகிற மருந்துக்கு அந்தச் சலுகை இல்லை. பல பேர் கொண்டுவருகிறார்கள், ஒன்றும் நடப்பதில்லை என்பீர்கள். நடந்தால் மாட்டுவது உங்களுக்கு உதவ வந்த பிள்ளைதான். நோயாளியே போய் அங்குள்ள டாக்டரைப் பார்த்து வாங்கி வந்தால் அது வேறு.

12ஏ விண்ணப்பம் இப்போது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் சுகம் என்கிற இணையதளம் வழியாகப் போகிறது. பெயர் வைத்தவர் நல்ல மனசுக்காரர். முதல் தடவை அதில் உட்கார்ந்தபோது எனக்குச் சுகமாக இல்லை, அது தனி. பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் படிக்கிற பையன் உதவினான். நோயாளியின் பெயர், விலாசம், மருந்தின் பெயர், எவ்வளவு, யார் தயாரித்தது, இவ்வளவுதான் சாரம். சிக்கல் வருவது கூட இணைக்கும் டாக்டர் சீட்டில்.

கிளினிக்கில் கிறுக்கிக் கொடுக்கும் சீட்டு இதற்கு ஆகாது. டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் டைப் அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். நோயாளியின் முழுப் பெயர், வயது, நோய், மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், மாத்திரையா ஊசியா, ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை மாதத்துக்கு, ஆக மொத்தம் எத்தனை மாத்திரை, தேதி, கையெழுத்து, டாக்டரின் பதிவு எண். மொத்தக் கணக்கை டாக்டர்கள் எழுத மாட்டார்கள், நீங்களே போட்டுக்கொண்டு போய் எழுத வையுங்கள். நாளைக்கு மூன்று, 90 நாள், 270 மாத்திரை. விண்ணப்பத்திலும் 270, அனுமதியிலும் 270, பில்லிலும் 270 என்று நிற்க வேண்டும். டப்பா 100 மாத்திரையாகத்தான் வரும் என்றால் 300 என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். 30 மாத்திரை கூட வந்து நிற்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது பெயர். நம்ம ஆட்களுக்கு இது தனித் தொல்லை. எங்கள் வீட்டுக்காரவுக பெயருக்கு முன்னால் நான்கு இனிஷியல். ஆதாரில் அதையெல்லாம் விரித்து அரை அடி நீளத்துக்கு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பச்சி, அதாவது அப்பா பெயர் கடைசிப் பெயராக மாறி இருக்கிறது. டாக்டர் சீட்டில் ஒரே ஒரு இனிஷியல். வெளிநாட்டுக்காரன் லேபிளில், முதல் பெயர் கடைசிப் பெயர் என்று தலைகீழாக்கி, செட்டியார் என்று வேறு ஒட்டிவிட்டான். கூரியர்காரர்கள் பார்சலை எடுக்கும்போது ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். லேபிளில் இருப்பவரும் ஆதாரில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எனக்கு ரெண்டு நாள் ஆனது. இப்போது ஒரே முறைதான்: ஆதாரில் எப்படியோ அப்படியே, ஒரு புள்ளி மாறாமல், டாக்டர் சீட்டு, 12ஏ, ஆர்டர், லேபிள் எல்லாவற்றிலும். நோயாளியின் பெயரில்தான் எல்லாமும். என் பெயருக்கும் மகன் பெயருக்கும் அதில் வேலையில்லை.

12பி கைக்கு வந்த பிறகே ஆர்டர். வந்ததும் அதில் போட்டிருக்கும் அளவையும் தேதியையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். நான் முதலில் ஆறு மாதத்துக்குக் கேட்டேன், மூன்று மாதத்துக்குத்தான் கிடைத்தது.

இனிக் கடை. சீட்டு கேட்காத கடை கடையே இல்லை என்பதை 38,400 ரூபாய் கொடுத்துப் படித்துவிட்டேன், நீங்கள் சும்மா தெரிந்துகொள்ளுங்கள். நல்ல கடை ஏதாவது ஒரு நாட்டின் பதிவேட்டில் இருக்கும். பிரிட்டன் என்றால் ஜெனரல் பார்மசூட்டிகல் கவுன்சில் என்ற அமைப்பின் பதிவேட்டில் கடை பெயரைப் போட்டுத் தேடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சைக் கோடுகளும் வெள்ளைச் சிலுவையும் உள்ள ஒரு சின்னத்தைக் கடையின் தளத்தில் வைத்திருப்பார்கள். சின்னத்தைப் பார்த்து மட்டும் திருப்திப்படாதீர்கள், படத்தை யாரும் ஒட்டிக்கொள்ளலாம். அதை அழுத்தினால் அந்த நாட்டு அரசின் பட்டியலுக்குப் போக வேண்டும், பட்டியலில் அந்தக் கடை இருக்க வேண்டும். அமெரிக்காவில் மாநில மருந்தக வாரியங்களின் சங்கம், சோதித்த கடைகளுக்கு டாட் பார்மசி என்று முடியும் இணைய முகவரி கொடுக்கிறது. இத்துடன் ஒரு தெரு விலாசமும், போன் எடுத்துப் பேச ஒரு பார்மசிஸ்டும் இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பு, கிப்ட் கார்டு வாங்கி அனுப்பு, கிரிப்டோவில் கொடு என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

ஆனால் நல்ல கடைகளில் இன்னொரு முட்டுக்கட்டை. நம்ம டாக்டர் சீட்டு அங்கே செல்லாமல் போகலாம். பிரிட்டனில் மருந்துக் கடைக்காரர் அந்த நாட்டு டாக்டர், ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்து டாக்டர், சுவிஸ் டாக்டர் எழுதிய சீட்டுக்குத்தான் மருந்து கொடுக்கலாம். மதுரை டாக்டர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் அங்கே எடுபடாது. எனக்கு நான்கு கடைகள் இப்படி மறுப்புச் சொல்லி மெயில் போட்டன. அப்போது அழுகை வந்தது. இப்போது நினைத்தால், பதில் சொன்ன நான்கும் நல்ல கடைகள்.

வழி கிடைத்தது 'நேம்டு பேஷண்ட்' முறையில். தன் நாட்டில் அனுமதி இல்லாத மருந்தை, இன்ன நோயாளிக்கு என்று பெயர் குறித்து, அவருடைய டாக்டர் கேட்டுக்கொண்டதன் பேரில் அனுப்பும் முறை இது. மருந்துக் கம்பெனிகளும், இதற்கென்றே இருக்கும் உரிமம் பெற்ற விநியோகஸ்தர்களும் செய்கிறார்கள். மருந்து தயாரிக்கும் கம்பெனிக்கே உங்கள் டாக்டரை விட்டு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். நோயாளி எழுதினால் வராத பதில் டாக்டர் எழுதினால் வருகிறது. ஐரோப்பாவில் எங்களுக்குக் கிடைத்தவர்கள் முதல் மெயிலிலேயே, "12பி நகல் வராமல் நாங்கள் அனுப்புவதில்லை" என்று எழுதியிருந்தார்கள். தேவகோட்டையில் அதுவரை யாருக்கும் தெரியாத படிவத்தின் பெயர் அங்கே ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. அதைப் படித்ததும்தான் பணம் அனுப்பலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆர்டர் போடும்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில. மருந்து தொழிற்சாலை டப்பாவிலேயே, சீல் உடைக்காமல் வர வேண்டும். உதிரி மாத்திரையைக் கவரில் போட்டு வந்தால் எந்த அதிகாரியும் விட மாட்டார், விடவும் கூடாது. பார்சலுக்கு வெளியே பிளாஸ்டிக் உறையில் டாக்டர் சீட்டு, 12பி, பில் மூன்றின் நகலும் இருக்க வேண்டும். பில்லில் உண்மையான விலை. "வைட்டமின் என்று போடவா, கிப்ட் என்று போடவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கிப்ட் என்று சொல்லித் தபாலிலும் கூரியரிலும் பொருள் வருவதை 2019 டிசம்பரில் தடை செய்துவிட்டார்கள். விலக்கு இரண்டுக்குத்தான்: உயிர் காக்கும் மருந்து, அப்புறம் ராக்கி. இந்த ரெண்டையும் ஒரே வரியில் சேர்த்தவர் யாரோ, அவருக்குத் தங்கச்சி இருக்க வேண்டும். விலக்கு இருந்தாலும் மருந்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு கிப்ட் என்பது பொய். பொய்ச் சீட்டோடு மாட்டினால் உண்மைச் சீட்டும் உதவாது.

தூக்க மாத்திரை, அல்பிரசோலம், குளோனசெபம், டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, இவற்றின் பக்கம் தபாலில் போகவே போகாதீர்கள். அது 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. 12பி அதற்குக் காப்பு ஆகாது. இங்கிருந்து பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை சாதாரண மருந்தை அனுமதிக்கிறார்கள், ஆனால் இந்த வகையை முன்கூட்டியே அனுமதி வாங்காமல் அனுப்பினால் பிள்ளைக்குத்தான் வினை. "அப்பத்தா சாப்பிடுற தூக்க மாத்திரையில ரெண்டு அட்டை போட்டுவிடு" என்கிற பாசமெல்லாம் வேண்டாம்.

பார்சல் சென்னை வந்ததும் சுங்கத்தில் நிற்கும். மருந்து என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியும் பார்ப்பார். தபாலில் வந்தால் வெளிநாட்டு அஞ்சலகத்திலிருந்து கடிதம் வரும். கூரியர் என்றால் மெயிலும் போனும். சொந்த உபயோக மருந்துக்குப் பொதுவாக 10 சதவீதம் அடிப்படைச் சுங்க வரி, சில உயிர் காக்கும் மருந்துகளுக்கு 5 சதவீதமோ ஒன்றுமில்லாமலோ. ஜிஎஸ்டி தனி. ஆனால் இதைக் கவனியுங்கள்: 2021ஆம் வருஷத்து தேசிய அரிய நோய்கள் கொள்கைப் பட்டியலில் உங்கள் நோய் இருந்தால், சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் மருந்துக்கு அந்த அடிப்படை வரி முழுக்கத் தள்ளுபடி, 2023 ஏப்ரல் 1 முதல். அதற்கு மத்திய அல்லது மாநில சுகாதாரப் பணிகள் இயக்குநர், இல்லை மாவட்ட மருத்துவ அதிகாரி அல்லது சிவில் சர்ஜன் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். நான் சிவகங்கைக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். அதை பார்சல் கிளம்புவதற்கு முன்னாலேயே வாங்கி வையுங்கள். பார்சலை நிறுத்தி வைத்துவிட்டுச் சான்றிதழுக்கு அலைந்தால், கிடங்கு வாடகை ஏறும்.

இந்தச் சமயத்தில்தான் திருட்டுப் போனும் வரும். "உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ காலில் வாருங்கள், இந்த யுபிஐக்குப் பணம் போடுங்கள்." நிஜமாகவே பார்சல் எதிர்பார்த்துக்கொண்டிருப்பதால் நெஞ்சு பதறும். சுங்க இலாகா யாருடைய சொந்தக் கணக்குக்கும் பணம் கேட்காது. அவர்கள் அனுப்பும் கடிதத்தில் டின் என்று ஓர் ஆவண எண் இருக்கும், அதை அவர்கள் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். சந்தேகம் என்றால் போனை வைத்துவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள்.

குளிரில் வைக்க வேண்டிய மருந்து என்றால் கதையே வேறு. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வர வேண்டும், உறையவும் கூடாது. தபால் கூடாது. குளிர்ப்பெட்டியும் உள்ளே வெப்பம் பதிவாகும் கருவியும் வைத்து அனுப்பும் கூரியர்தான் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வரவழைக்காதீர்கள். மாத்திரையேயானாலும் அந்த நாள்களில் வண்டிக்குள் என்ன வெக்கை இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? பிள்ளையார் நோன்புக்கு நாம் இழை எடுக்கும் சமயம் அங்கே கிறிஸ்துமஸ், கடை பாதி நாள் பூட்டு. கார்த்திகைக்கு முன்னாலேயே ஆர்டரை முடித்துவிடுவது நல்லது.

கடைசியில் விலாசம். சிரிக்காதீர்கள், நம்ம வீடுகளுக்கு இது பெரிய விஷயம். எங்கள் வீட்டு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில். கூரியர் பையனின் மேப் அவனைப் பின்பக்கம் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அது வருஷத்துக்கு ரெண்டு தடவை திறக்கிற கதவு. தட்டிப் பார்த்துவிட்டு 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிக்கொண்டு காரைக்குடிக்கே திரும்பிப் போய்விட்டான். நான் இரண்டாங்கட்டில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். முகப்பில் தட்டியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. இப்போது விலாசத்தில் முகப்புத் தெருவின் பெயர், எதிரே இருக்கும் கோயில், ரெண்டு போன் நம்பர் எழுதுகிறேன். ஒன்று வீட்டு நம்பர், இன்னொன்று எதிர்வீட்டு மளிகைக் கடைத் தம்பியுடையது. பார்சல் வரும் நாளன்று எங்கள் வீட்டுக்காரவுகளே திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பிரிப்பதை வீடியோ எடுங்கள். சீல், பேட்ச் எண், தயாரிப்பாளர் பெயர், காலாவதித் தேதி பாருங்கள். அமெரிக்க டப்பாவில் நாள், மாதம், வருஷம் மூன்றும் இப்படிப் போட்டிருந்தால் மாதம் முன்னால் வரும், 04/06/2030 என்றால் ஏப்ரல் 6. மில்லிகிராமா மைக்ரோகிராமா என்று பாருங்கள், ஆயிரம் மடங்கு வித்தியாசம். பழைய மாத்திரையில் ஒன்றை நான் எப்போதும் மிச்சம் வைத்திருப்பேன். புதிதை வெள்ளைத் துணியில் அதன் பக்கத்தில் வைத்து நிறம், பருமன், மேலே பொறித்த எழுத்து ஒப்பிடுவேன். போன தடவை எழுத்து ஒன்றாக இருந்தது, நிறம் கொஞ்சம் வெளிறி இருந்தது. சாப்பிடக் கொடுக்கவில்லை. படமெடுத்துக் கம்பெனிக்கும் டாக்டருக்கும் அனுப்பினேன். பூச்சு மாற்றியிருக்கிறோம் என்று பேட்ச் எண்ணோடு பதில் வர ரெண்டு நாள் ஆனது. அந்த ரெண்டு நாளைக்குப் பழைய மாத்திரை இருந்தது, அதனால் பொறுக்க முடிந்தது.

அப்படி இருக்க வேண்டும் என்றால் கணக்கு வேண்டும். அப்பச்சி கடைக்கு ஐந்தொகை எடுத்த மாதிரி நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வரவு இத்தனை மாத்திரை, செலவு இத்தனை, இருப்பு இத்தனை. விண்ணப்பம் போட்ட நாள், 12பி வந்த நாள், பார்சல் கிளம்பிய நாள், சென்னையில் நின்ற நாள், வீட்டுக்கு வந்த நாள். நான்கு தடவைக்கு எழுதிப் பார்த்தால் உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அதிகபட்சம் 52 நாள் ஆகியிருக்கிறது. அதனால் இருப்பு 75 நாளைக்கு வந்ததும் டாக்டரிடம் புதுச் சீட்டுக்குத் தேதி வாங்கிவிடுவேன். இன்றைக்கு இருப்பு 237 மாத்திரை, 79 நாள். வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போன் பண்ண வேண்டும்.